படுக்கையில் இருப்பவரின் கடன்: தவணையை நீட்டுவதா, செட்டில்மென்ட்டா?

கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் பாக்கிகளுக்கு இரண்டு வழி உண்டு. தவணைக் காலத்தை நீட்டித்தால் மாதத் தொகை குறையும், மொத்த வட்டி ஏறும். குணமாகி வேலைக்குத் திரும்புவார் என்றால் இது சரி.

செட்டில்மென்ட் என்றால் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிக் கணக்கை முடிப்பது. கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் 'செட்டில்டு' என்று பதிவாகும், அப்புறம் கடன் கிடைப்பது கஷ்டம். வருமானமே நின்றுபோனவருக்கு அது பெரிய இழப்பில்லை. நான் இதைத்தான் சொல்வேன். கட்டும் முன் வங்கியின் செட்டில்மென்ட் கடிதத்தை வாங்கிவிடுங்கள். மருந்துக்கான பணத்தைத் தொடாதீர்கள். உங்கள் பெயரில் புதுக் கடனும் வேண்டாம்: ஜாமீனோ கூட்டுக் கையெழுத்தோ போடாத உறவினருக்குப் பொறுப்பில்லை, இறந்தபின் வாரிசுக்கும் வந்த சொத்தின் அளவுக்குத்தான்.

இரண்டிலும், வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. ரிசர்வ் வங்கி விதி அது. நோயாளியின் போனை நீங்கள் எடுத்து, இந்த விதியைச் சொல்லுங்கள்.