பிரஷர் மாத்திரை: வீட்டுக்கு வருவதா, கடையில் வாங்குவதா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. தன்னார்வலர் வீட்டுக்கே வந்து மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார், காசு கிடையாது. ரத்த அழுத்தத்துக்கு வலி இல்லை என்பதால், மாத்திரை தீர்ந்துபோனால் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். டவுனுக்கு பஸ் ஏறினால் அன்றைய கூலி போய்விடும் என்பவர் வேறென்ன செய்வார்? மாத்திரை விட்டுப்போகாமல் இருப்பதே இந்த நோயில் பாதி வைத்தியம். அதனால் என் ஓட்டு இதற்குத்தான்.

தனியார் கடையின் பலம், மருந்துகளின் வகை. அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்தால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனாலாப்ரில் என்ற இன்னொன்று சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றினாலோ, இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையை எழுதினாலோ கடைக்குப் போக வேண்டிவரலாம். செலவைக் குறைக்க குறைந்த விலையில் மருந்து விற்கும் அரசுத் திட்டக் கடையான முதல்வர் மருந்தகத்தில் ஜெனரிக், அதாவது பிராண்ட் இல்லாத அதே மருந்தைக் கேட்கலாம்.

ரத்த அழுத்த அளவு 140/90-க்குக் கீழே நிற்கிறதா என்று பார்ப்பது இரண்டு வழியிலும் ஒன்றுதான். உப்பும் அப்படியே: நாளைக்கு 5 கிராமுக்குள். மாங்காய்ச் சீசனில் இதைச் சொன்னால் இங்கே யார் கேட்கிறார்கள்!

இரண்டு இடத்திலும் வாங்குகிறவர்கள் மாத்திரை அட்டையில் பிராண்டுக்குக் கீழே உள்ள மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். ஒரே அம்லோடிபின் இரு பெயர்களில் வந்து, இருமடங்காக உள்ளே போகக்கூடும். சந்தேகம் வந்தால் இரண்டு அட்டைகளையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.