நடுக்கம் போனது, நாக்கு நீண்டது: லெவெடிராசெட்டம் மாத்திரையோடு சில வருடங்கள்

தேவகோட்டையில் இருக்கும் என் தோழியின் மகளுக்கு லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். “நீ வருஷக்கணக்கா போடுறியே, எப்படி இருக்கு?” என்று கேட்டாள். போனில் பேசினால் பேச்சு எங்கெங்கோ போய்விடும், அதனால் எழுதுகிறேன். எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்பதெல்லாம் டாக்டர் சொல்லியிருப்பார், அதை விடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல மனசு வராது.

இதற்கு முன்னால் நான் போட்டுக்கொண்டிருந்தது வால்புரோயேட். வலிப்பை அதுவும் அடக்கித்தான் வைத்தது. ஆனால் எடை ஏறியது, தலை சீவினால் கொத்தாக முடி வந்தது, விரல் நடுங்கியது. மற்றவர்களுக்கு லேசான விரல் நடுக்கம் பெரிய விஷயமாக இருக்காது. எனக்குப் பிழைப்பே விரலில்தான். காரைக்குடியில் ஒரு பலகாரக் கூடத்தில் கைமுறுக்குச் சுற்றுகிறேன். மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திருகிக்கொண்டே துணிமேல் வட்டமாக இறக்க வேண்டும். 5 சுற்று என்றால் எப்படியோ ஒப்பேற்றலாம். கல்யாணத்துக்கு 9, 11 என்று கேட்பார்கள். விரல் நடுங்கினால் முறுக்கு ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் இளைத்துவிடும், எண்ணெயில் விழுந்ததும் இளைத்த இடம் கருகிவிடும். கூடத்து ஆச்சி ஒரு வார்த்தை பேசாமல் என்னை மாவு சலிக்கிற பக்கம் நகர்த்திவிட்டார். எண்ணெய்ச் சட்டி பக்கம் எனக்கு எப்போதுமே வேலை கிடையாது, அது சரிதான். முறுக்கும் போனதும் அழுதேன்.

மாத்திரையை மாற்றியது முறுக்குக்காக இல்லை, கல்யாணத்துக்காக. கர்ப்பமாக இருக்கும்போது வால்புரோயேட் போட்டால் பிள்ளைக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு, அறிவு வளர்ச்சியில் பாதிப்பு வர வாய்ப்பு கூடுதல். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு முடிந்தவரை அதைத் தவிர்க்கிறார்கள். சம்பந்தம் பேசி முடித்ததைச் சொன்னதுமே மதுரை டாக்டர் வேலையை ஆரம்பித்துவிட்டார். புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். எதையும் பட்டென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நிற்காத வலிப்பில் கொண்டுபோய் விட்டுவிடலாம். (வலிப்பு இருந்தால் கல்யாணமே செல்லாது என்று இன்னும் சொல்லும் பெரியவர்கள் எங்கள் பக்கம் உண்டு. சட்டத்தில் அப்படி ஒரு வழி இருந்தது உண்மை. இந்து திருமணச் சட்டத்திலிருந்து அதை 1999லேயே எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்கள்.)

பழைய மாத்திரை இறங்க இறங்க நடுக்கம் குறைந்தது. ஒரு நாள் ஆச்சி பார்க்காத நேரம் கொஞ்சம் மாவை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். 11 சுற்றும் ஒரே கனம்! இந்த மாத்திரைமேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் அந்த முறுக்கை நினைத்தால் பாதி அடங்கிவிடும்.

இன்னொரு வசதி, இது கல்லீரலுக்கு அதிக வேலை வைக்காது. பெரும்பகுதி சிறுநீரில் போய்விடுவதால் மற்ற மருந்துகளோடு அவ்வளவாகச் சண்டை போடாது. சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு மட்டும் அளவைக் குறைப்பார்கள். ஆனால் உடம்பில் ரொம்ப நேரம் தங்காது, 6 முதல் 8 மணி நேரத்தில் பாதி குறைந்துவிடும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று கொடுப்பது அதனால்தான், ஒரு வேளையும் தவறவிடக் கூடாது. மாத்திரை பெரியது, உடைத்தால் கடுங்கசப்பு. ஆரம்பத்தில் சில வாரம் தூக்கமாக வரும், போகப் போகச் சரியாகிவிடும். அதற்காக ராத்தூக்கத்தைக் குறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தூக்கம் கெட்டால் மாத்திரை போட்டும் வலிப்பு வரலாம். தீபாவளி நேரத்தில் கூடத்தில் விடிய விடிய அடுப்பு எரியும். நான் இருட்டினதும் கிளம்பிவிடுவேன், முனகுகிறவர்கள் முனகட்டும்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

சும்மா எரிச்சல் என்று நினைக்க வேண்டாம். சாதாரணமாக ஒரு விஷயம் நம்மைச் சீண்டினால், கத்துவதற்கு முன்னால் மனசு ஒரு படியில் நின்று யோசிக்கும். அந்தப் படியை யாரோ பெயர்த்து எடுத்துப் போனதுபோல் இருந்தது. மாவு கொஞ்சம் இளகினால் கோபம், மிக்ஸி சத்தம் கேட்டால் கோபம். வாய் திறந்த பிறகுதான் நான் கத்துகிறேன் என்பதே எனக்குத் தெரியும். மாமியார், “கல்யாணமாகி ஆறு மாசத்துல வாய் கூடிப்போச்சு” என்றார். மாத்திரையாக இருக்குமோ என்று கேட்டேன். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

அடுத்த முறை மதுரை போனபோது டாக்டர் என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம், “வீட்ல எரிச்சல் படுறாங்களா?” என்று கேட்டார். அதற்காகவே காத்திருந்தவர்போல் அவர் கொட்டித் தீர்த்துவிட்டார். இது தெரிந்த பக்கவிளைவுதான், எல்லாருக்கும் வராது என்று சொல்லி, பி6 வைட்டமினைச் சின்ன அளவில் சேர்த்தார் டாக்டர். அதற்குப் பெரிய ஆதாரம் கிடையாது, சிலருக்கு உதவுகிறது என்றும் சொன்னார். எனக்குப் பாதிக்குமேல் குறைந்தது.

தொல்லை அதன்பிறகுதான் ஆரம்பித்தது. முன்னால் மாத்திரைக் கோபம் என்றால் நம்பாதவர்கள், இப்போது எனக்கு வேறு கோபமே வராது என்று முடிவு கட்டிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால் “மாத்திரை போட்டியா?” நாத்தனார் என் சேலையைக் கேட்காமல் எடுத்துப் போனதைச் சொன்னால் “விடுப்பா, அது மருந்துக் கோபம்.”

உச்சம் கூடத்தில் நடந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் மூன்று மாதப் பாக்கி வைத்துக்கொண்டு புது ஆர்டரோடு வந்து நின்றார். அன்றைக்குக் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருந்தது. தொகையைச் சொல்லி நறுக்கென்று கேட்டேன். முதலாளி ஓடிவந்து, “மருந்து சாப்பிடுற புள்ள, மனசுல வச்சுக்காதீக” என்றார். அவரும் பரிதாபமாக என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காசு தராமல் முறுக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். மாத்திரைக் கோபம் காரணமே இல்லாமல் வரும், பத்து நிமிஷத்தில் போகும், போனபின் உடம்பு அசந்துவிடும். என் கோபத்துக்குத் தொகை, தேதி எல்லாம் ஞாபகம் இருக்கும்.

பிரிவராசெட்டம் என்று இதன் தம்பி ஒன்று இருக்கிறது. மூளையில் அதே எஸ்வி2ஏ புரதத்தில்தான் அதுவும் போய் ஒட்டுகிறது, ஆனால் எரிச்சல் குறைவு என்கிறார்கள். 2021இல் காப்புரிமை முடிந்து நம் நாட்டுக் கம்பெனிகள் பல தயாரிக்க ஆரம்பித்ததும் விலையும் நன்றாக இறங்கிவிட்டது. மாற்றலாமா என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். வலிப்பு வராமல் இருக்கும்போது எதற்குக் கைவைக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. மாத்திரையை மாற்றிவிட்டால், நான் வேண்டுமென்றே கத்துகிற நாட்களில் பழி போட ஆள் இருக்காது.

தோழிக்கு: தாராளமாகக் கொடு. பிள்ளை குணம் மாறுவதுபோல் இருந்தால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவளையே பேசச் சொல், நீ பக்கத்தில் இரு. ரொம்ப ஒடுங்கிப்போனாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு. வலிப்பு மருந்துகள் எல்லாவற்றுக்குமே இந்த எச்சரிக்கையை அமெரிக்க மருந்துத் துறை 2008இல் கொடுத்திருக்கிறது. ஆனால் நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே.

ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்றால், இன்றைக்கு இரண்டு. அந்த வியாபாரி பாக்கியைக் கட்டினால் மூன்று ஆக்குகிறேன்.