நீவா, நியாவா: மகளுக்குப் பெயர் தேர்ந்தெடுத்த கதை

மூன்று ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தின் கால்வே நகரில் மகள் பிறந்தாள். கணவர் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கானமாரா பகுதியைச் சேர்ந்தவர். என் மாமியாருக்கு ஐரிஷ்தான் தாய்மொழி. அதனால் ஐரிஷ், வேல்ஸ் போன்ற மொழிகள் அடங்கிய கெல்டிக் குடும்பத்துப் பெயர்தான் என்று முன்பே முடிவாகியிருந்தது. ஷிவான், ஷினேட் இரண்டும் எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் அவை நார்மன் பிரெஞ்சு வழியாக வந்த பெயர்கள், ஜான் என்பதன் பெண்பால் வடிவங்கள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டோம். கடைசியில் நின்றவை இரண்டு: ஐரிஷ் நீவ், வேல்ஸ் மொழியின் நியா.

பொருளை வைத்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை. நீவ் வேல்ஸுக்குப் போய் எடுத்த வடிவமே நியா. இரண்டுக்கும் ஒளி என்றே பொருள். கடல் தெய்வத்தின் மகளான நீவ், வெள்ளைக் குதிரையில் வந்து ஒஷீன் என்ற வீரனை மூப்பே இல்லாத நாட்டுக்கு அழைத்துப் போனாள் என்கிறது பழங்கதை.

நியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து; எழுதியபடியே படிக்கலாம். வேல்ஸின் கார்டிஃபிலும் நம் மதுரையிலும் யாரும் தடுமாற மாட்டார்கள்.

சிக்கல் நீவின் எழுத்தில்தான். என், ஐ, ஏ, எம், எச் என்று எழுத வேண்டும். ஐரிஷின் பழைய நெடுங்கணக்கில் 18 எழுத்துகளே உண்டு. 'வி' அதில் இல்லை. 'எம்' மென்மையாகும்போது வகரமாக ஒலிக்கும். முன்பு அதற்கு மேலே ஒரு புள்ளி வைத்தார்கள். இப்போது பக்கத்தில் 'எச்' போடுகிறார்கள். கல், தங்கம், பகல் என்று ஒரே ககரத்தை மூன்று விதமாக ஒலிக்கும் நமக்கு இது புரியாத கணக்கல்ல. அயர்லாந்தில் யாரும் கேட்பதும் இல்லை. வெளியே போனால்தான் தொல்லை. லண்டனில் ஒரு மருத்துவமனையில் "நியாம், நியாம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்; எங்களைத்தான் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு ஆறுதல், இந்தப் பெயரில் நெடில் குறி இல்லை. ஷான் போன்ற பெயர்களில் எழுத்தின் மேலுள்ள அந்தச் சாய்கோடு விழுந்துவிட்டால், 'கிழடு' என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும்.

இவ்வளவு தெரிந்தும் நீவ் என்றே வைத்தோம். காரணம் என் அம்மா. பிரசவத்துக்கு வந்திருந்தவருக்கு 'வ்' என்று முடிப்பது நாக்கில் நிற்கவில்லை. உகரம் சேர்த்து "நீவு" என்றார். குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்து, தொடையிலிருந்து பாதம் வரை நீவிவிட்டபடியே "நீவு கண்ணு, காலை நீட்டு" என்பார். அதற்கு உங்கள் மொழியில் என்ன பொருள் என்று மாமியார் கேட்டார். மெல்லத் தடவிக்கொடுப்பது என்றேன். அவரும் குழந்தையின் காலைத் தொட்டு "நீவு" என்று சொல்லிப் பார்த்தார். அதன்பிறகு நியா என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

அயர்லாந்தைவிட்டுப் போய் வேறு நாட்டில் வாழப்போகிறவர்கள் கேட்டால் நியாவைத்தான் சொல்வேன். மகள் இன்னும் பள்ளிக்கே போகவில்லை. இந்த எழுத்து அவளுக்குச் சுமையா, பெருமையா என்பதை அவள்தான் பிறகு சொல்ல வேண்டும். இப்போதைக்கு, மதுரைக்கு டிக்கெட் எடுக்கும்போதெல்லாம் ஐந்து எழுத்தையும் ஒவ்வொன்றாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.