வீட்டில் செய்யும் எச்டி புரொஜெக்டருக்கு எந்த பேனல்?

வீட்டில் செய்யும் புரொஜெக்டரில் விளக்கின் ஒளி, படம் காட்டும் எல்சிடி திரை (பேனல்) வழியாகப் போய், லென்ஸ் மூலம் சுவரில் பெரிதாக விழுகிறது. சொந்தமாக புரொஜெக்டர் செய்ய இறங்குபவர்கள் முதலில் பார்ப்பது பேனலின் ரெசல்யூஷனைத்தான். 1920 x 1080 இருக்கிறதா, விலை கட்டுப்படியாகிறதா, வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம்தான் லென்ஸ் தேடுகிறார்கள். அதற்கும் அப்புறம் பேனலுக்குப் படம் அனுப்பும் கன்ட்ரோலர் போர்டு தேடுகிறார்கள். மூன்றும் ஒன்றோடொன்று சேராமல் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. என் கட்சி நேர் எதிரானது: லென்ஸும் போர்டும் முதலில், பேனல் கடைசியில். இன்று கிடைக்கும் பேனல்களை அந்தக் கணக்கில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மிக எளிதாகக் கிடைப்பது 15.6 அங்குல லேப்டாப் பேனல். பேக்லைட் (திரைக்குப் பின்னால் ஒளிரும் விளக்கு) செத்துப்போன லேப்டாப் திரை பழுதுபார்ப்பவருக்குக் குப்பை. நமக்கோ அதுதான் சரியான பொருள். எப்படியும் பேக்லைட்டைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணாடியை மட்டும்தான் வைத்துக்கொள்ளப் போகிறோம். இதன் பெரிய பலம் பரப்பளவு. சுமார் 345 x 194 மி.மீ. அகலமான கண்ணாடியில் வெளிச்சம் பரவி விழுவதால் சூடும் பரவிவிடுகிறது. நிறப் பேனல் எதுவானாலும் தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூட வெளியே விடுவதில்லை. பேனலில் ஒட்டியிருக்கும் போலரைசர் என்ற ஒளி வடிகட்டும் படலமும் நிற ஃபில்டரும் மீதியை விழுங்கிச் சூடாகின்றன. அதனால் பரப்பு பெரிதாக இருப்பது சாதாரண விஷயமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது கனெக்டர். பேனலுக்குப் படத்தை அனுப்ப எல்விடிஎஸ், இடிபி என்று இரண்டு இணைப்பு முறைகள் உண்டு. பழைய 1080 லேப்டாப் பேனல்கள் 40 பின் எல்விடிஎஸ். பிறகு வந்தவை பெரும்பாலும் 30 பின் இடிபி. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பேனலின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள முழு எண்ணையும், கடைசி எழுத்துகள் உட்பட, எழுதிக்கொண்டு அதற்கான டேட்டாஷீட்டைப் பார்த்துவிடுங்கள். ஒரே அளவு, ஒரே ரெசல்யூஷன், ஆனால் கடைசி எழுத்துகள் மாறினால் கனெக்டரும் மாறியிருக்கலாம். எல்விடிஎஸ் போர்டுகளில் பேனலுக்கேற்ற ஃபர்ம்வேர் (போர்டுக்குள் இருக்கும் மென்பொருள்) ஏற்ற வேண்டும், அதற்கும் இந்த எண்தான் தேவை.

என் விருப்பம் இடிபி ஸ்லிம் பேனல். காரணம், பேனலோடு ஒட்டியே வரும் டிரைவர் போர்டின் இடம். பழைய தடிமனான பேனல்களில் டிரைவர் போர்டு கண்ணாடிக்குப் பின்னால் மடிந்து ஒளியை மறைக்கும். அதைப் பிரித்து நேராக்கும்போது கண்ணாடியையும் போர்டையும் சேர்க்கும் மெல்லிய ஃப்ளெக்ஸ் (வளையும் பட்டை) இணைப்பில் ஒன்று கிழிந்தாலும் திரையில் ஒரு பட்டையே போய்விடும். ஸ்லிம் வகைகள் பலவற்றில் போர்டு கண்ணாடியின் கீழ்விளிம்பை ஒட்டித் தட்டையாகவே வெளியே நீண்டிருக்கும்; மடிப்பைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, மேட் பூச்சு வேண்டாம். அந்தச் சொரசொரப்பு ஒளியைச் சிதறடித்துப் படத்தை மங்கலாக்கும். ஈரத் துணியில் பல மணி நேரம் ஊறவைத்து உரிப்பவர்கள் உண்டு, ஆனால் பளபளப்பான பேனலே கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

குறை என்று பார்த்தால் பெட்டியின் அளவு. 320 மி.மீ. குவியத்தூர லென்ஸ் வைத்து 2.5 மீட்டர் அகலப் படம் போட வேண்டுமென்றால் பேனலிலிருந்து லென்ஸுக்கே 36 செ.மீ. வேண்டும். விளக்குவரை சேர்த்தால் பெட்டி 60 செ.மீ. தாண்டும். வகுப்பறைகளில் பிளாஸ்டிக் தாளில் எழுதியதைச் சுவரில் காட்டப் பயன்பட்ட பழைய ஓஎச்பி (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) ஒன்றைப் பிரித்து ஃப்ரெனல் (ஒளியைக் குவிக்கும் தட்டையான லென்ஸ்) எடுக்கலாம் என்ற திட்டமும் இங்கே உதவாது. அதன் மேடை ஏறத்தாழ 285 மி.மீ. சதுரம், 345 மி.மீ. பேனலின் இரண்டு ஓரமும் இருட்டாகிவிடும்.

ஓஎச்பி கையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது 9.7 அங்குல டேப்லெட் பேனல். 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐபேடின் திரை 2048 x 1536. அளவு சுமார் 197 x 148 மி.மீ. ஓஎச்பி மேடையில் தாராளமாக உட்காரும். லென்ஸ், ஃப்ரெனல் எல்லாம் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கின்றன, அதுவே பாதி வேலை. இந்த பேனலும் இடிபிதான். கம்ப்யூட்டரில் உள்ள டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பும் இடிபியும் நெருங்கிய உறவு என்பதால் ஒரு சின்ன அடாப்டர் போதும். ஆனால் அந்த அடாப்டரில் படத்தின் அளவை மாற்றும் சிப் கிடையாது, பேனலின் சொந்த ரெசல்யூஷனை அப்படியே அனுப்பும் கம்ப்யூட்டர் வேண்டும். எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள செட்டாப் பாக்ஸ் போன்றவற்றை நேரடியாகச் செருக முடியாது. 4:3 திரை என்பதால் 16:9 படத்துக்கு உயரத்தில் கால் பங்கு கறுப்பாகவே கிடக்கும், அந்த ஒளியும் வீண். இருந்தாலும் ஓஎச்பியோடு சேர்த்து யோசித்தால் இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

டேப்லெட் பேனல் வாங்கும்போது டச் கிளாஸ் தனியாக வருகிறதா என்று கேளுங்கள். மேலே சொன்ன ஐபேடில் தனி. பிறகு வந்த பல கருவிகளில் இரண்டும் பசையால் ஒட்டியே வருகின்றன, பிரித்தால் எல்சிடி உடையும் வாய்ப்பே அதிகம்.

போன் அளவு பேனல்களுக்கு வருவோம். திரவ ரெசினை ஒளியால் இறுகவைக்கும் 3டி பிரிண்டர்களில் ஒரு காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஷார்ப்பின் 5.5 அங்குல 1440 x 2560 பேனல், எச்டிஎம்ஐ போர்டோடு ஜோடியாகவே விற்பனைக்கு வந்தது. பேனலும் போர்டும் பொருந்துமா என்ற கவலையே இல்லை. பெட்டியும் சின்னது: 135 மி.மீ. லென்ஸ் இருந்தால் பேனலுக்கும் லென்ஸுக்கும் நடுவே 15 செ.மீ.கூட வேண்டாம், சுவரிலிருந்து 3 மீட்டருக்குள் 2.5 மீட்டர் படம் வந்துவிடும். காகிதத்தில் பார்த்தால் இதுதான் வெற்றி பெற வேண்டும். நான் இதை முதல் முயற்சிக்குப் பரிந்துரைக்காததற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று சூடு. 15.6 அங்குலத்தோடு ஒப்பிட்டால் பரப்பு எட்டில் ஒரு பங்கு. அதே அளவு ஒளியை இதன் வழியாகச் செலுத்தினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் எட்டு மடங்கு சூட்டைத் தாங்க வேண்டும். அளவு மீறிச் சூடானால் படம் கறுத்துப்போகும். ஆறினால் திரும்பி வரலாம், ஆனால் கருகிய போலரைசர் திரும்பாது. பிக்சல்கள் பொடிப்பொடியாக இருப்பதால் அவற்றுக்கு நடுவே ஓடும் கம்பிகள் மறைக்கும் பங்கும் அதிகம், வெளிச்சம் இன்னும் குறையும். இரண்டாவது, இந்த பேனல் பிறப்பிலேயே நெட்டுக்குத்தானது. போர்டு 1440 x 2560 என்றே தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிவிடலாம். செட்டாப் பாக்ஸிலும் கேம் கன்சோலிலும் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள். வாங்கிய பிறகே பலருக்கும் இது தெரியவருவது வருத்தமான விஷயம்.

ஓஎல்இடி திரை இதற்கு உதவவே உதவாது. அது தானே ஒளிர்வது, பின்னாலிருந்து விளக்கு போட்டுப் பயனில்லை. புதிய ரெசின் பிரிண்டர்களின் மோனோ பேனல்கள் நிற ஃபில்டர் இல்லாததால் ஒளியை நிறையவே விடும். படம் கறுப்பு வெள்ளைதான், அதோடு பல மோனோ பேனல்களில் மூன்று பிக்சல்களை ஒரு நிறப் பிக்சலாகச் சுருட்டி சிக்னல் அனுப்ப வேண்டும், சாதாரண வீடியோ சரியாக வராது. கடையில் விற்கும் புரொஜெக்டர்களுக்குள் இருக்கும் ஓர் அங்குலத்துக்கும் குறைவான டிஎல்பி சிப் (நுண்கண்ணாடிகளால் படம் காட்டுவது), மூன்று எல்சிடி தொகுதி ஆகியவற்றை உதிரியாக வாங்கி ஒளியியலை நாமே கட்டுவது வீட்டு மேசையில் ஆகிற காரியமில்லை.

ஆக, புதிதாகத் தொடங்குபவருக்கு இடம் இருந்தால் லேப்டாப் பேனல், ஓஎச்பி இருந்தால் டேப்லெட், கம்ப்யூட்டரோடு மட்டுமே பயன்படுத்தப் போகிறவரும் குளிரூட்டலில் அனுபவம் உள்ளவரும் போன் பேனல் பக்கம் போகலாம்.

பழைய பேனல் வாங்குவதாக இருந்தால் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பேக்லைட் போயிருந்தாலும் பரவாயில்லை. படத்தை ஓடவிட்டு டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்தால் மங்கலாகவாவது தெரியும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை மாற்றிப் பாருங்கள். லேப்டாப்பில் கண்ணுக்கே தெரியாத ஒரு டெட் பிக்சல் 2.5 மீட்டர் படத்தில் 1.3 மி.மீ. புள்ளியாக நிற்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேலிருந்து கீழே ஒரு கோடு தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த பேனலை விட்டுவிடுங்கள். கோடு பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் இணைப்பின் கோளாறு. பேக்லைட்டைக் கழற்றும்போது அதே இடம்தான் மேலும் அசையப் போகிறது.