அதிகம் பயன்படுத்துவோருக்குக் கட்டணமா, வேகக் குறைப்பா, நெரிசல் நேரக் கட்டுப்பாடா?

இணையத்தை மிகுதியாகப் பயன்படுத்தும் வாடிக்கையாளரிடம் கூடுதல் பணம் வாங்குவது ஒரு வழி. பணம் கேட்காமல் வேகத்தைக் குறைத்துவிடுவது இன்னொரு வழி. நெரிசல் வேளையில் மட்டும் அவரைப் பின்வரிசைக்கு அனுப்புவது மூன்றாவது.

முதல் வழிக்கு அமெரிக்காவின் இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட் நல்ல எடுத்துக்காட்டு. 2016இல் அது பல பகுதிகளில் மாதத்துக்கு 1 டெராபைட் (சுமார் 1000 ஜிபி) என வரம்பு வைத்து, அதைத் தாண்டிய ஒவ்வொரு 50 ஜிபிக்கும் 10 டாலர் வசூலித்தது. 2020இல் வரம்பு 1.2 டெராபைட்டாக உயர்ந்தது. கணக்கு வெளிப்படையானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரே உறங்கும் அதிகாலை 3 மணிக்கு இறக்கிய கோப்பும், எல்லா வீட்டிலும் படம் ஓடும் இரவு 9 மணிக்கு இறக்கிய கோப்பும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் இணைய வடத்தைத் திணறவைப்பதோ உச்ச நேரப் பயன்பாடு மட்டுமே. 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் மக்கள் வீட்டுக்குள் முடங்கிப் பயன்பாடு எகிறிய வேளையில், காம்காஸ்ட் இந்த வரம்பைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்டது. நெரிசலைத் தடுப்பதற்காகவே வரம்பு என்றால், அதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய மாதங்கள் அவை.

இந்தியாவில் நாம் பழகியிருப்பது இரண்டாவது வழி. 2020இல் பிஎஸ்என்எல் அறிமுகப்படுத்திய 449 ரூபாய்த் திட்டத்தில் 3300 ஜிபி வரை 30 எம்பிபிஎஸ் வேகமும், அதற்குப் பின் 2 எம்பிபிஎஸ் வேகமும் கிடைத்தன. முழு வேகத்தில் இடைவிடாது இறக்கினாலும் 3300 ஜிபி தீரப் பத்து நாள் ஆகும் என்பதால், சாதாரணக் குடும்பம் அந்த எல்லையைக் கண்ணால்கூடப் பார்க்காது. அதே 3300 ஜிபியை 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் வைத்தால் ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும் (இத்தகைய திட்டங்களை விற்கப் பயன்படும் 'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்கு இங்கே என்ன பொருளோ!). பில்லில் அதிர்ச்சி இராது என்பது இம்முறையின் பெரிய ஆறுதல்; ஆனால் வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்கு மாதக் கடைசியில் 2 எம்பிபிஎஸ் என்பது 10 டாலரைவிடப் பெரிய தண்டனை.

மூன்றாவது வழி பிறந்த கதை விசித்திரமானது. 2007இல் காம்காஸ்ட், டொரண்ட் முறையில் (கணினிக்குக் கணினி நேரடியாக) கோப்புகளைப் பகிர்வோரின் கணினிகளுக்கு இணைப்பு முறிந்ததாகப் போலிச் செய்தி அனுப்பியது அம்பலமாகி, 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அதைக் கண்டித்தது. அதன் பிறகு அந்நிறுவனம் கொண்டுவந்த முறை, யார் எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறார் என்று பார்க்கவில்லை. ஒரு பகுதியின் பொது வடம் நெரிசலை நெருங்கும்போது, 15 நிமிடமாகத் தன் வேகத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் எடுத்து வந்தவர் முன்னுரிமையை இழப்பார். 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புவார். மூன்றில் நியாயமானது இதுவே என்பது என் கருத்து, தனக்கு என்ன நேர்ந்தது என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது என்ற குறை இருந்தாலும்கூட. வலையமைப்பு மேம்பட்டதால் இனி இது தேவையில்லை என்று 2018இல் காம்காஸ்ட் இம்முறையை அணைத்துவிட்டது. 50 ஜிபிக்கு 10 டாலர் என்ற கட்டணம் மட்டும் அதன் பிறகும் தொடர்ந்தது.