பம்ப் இன்டக்ரேட்டரா, லேசர் வண்டியா?

தேசிய நெடுஞ்சாலையின் மேடுபள்ளத்தை அளக்க இரண்டுமே உதவும். ஆனால் அளக்கும் பொருள் வேறு.

ஜீப்பின் பின்னால் இழுக்கப்படும் ஒற்றைச் சக்கர பம்ப் இன்டக்ரேட்டர், சக்கரம் எவ்வளவு குலுங்கியது என்பதைக் கூட்டி, கிலோமீட்டருக்கு இத்தனை மி.மீ. என்று சொல்லும். வேகம் மணிக்கு 32 கி.மீ.யிலேயே நிற்க வேண்டும். டயர் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 2.1 கிலோ. டேம்பர் (குலுக்கத்தை அடக்கும் பாகம்) தேய்ந்தாலோ காற்று குறைந்தாலோ அதே சாலை வேறு எண் காட்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மட்டக்கருவியால் அளந்துவைத்த சோதனைத் துண்டுகளில் ஓட்டிச் சரிபார்க்காத எண்ணை நம்பாதீர்கள்.

லேசர் வண்டி சாலையின் உருவத்தையே பதிவு செய்கிறது. லேசர் தரைக்கு உள்ள தூரத்தை அளக்க, ஆக்சிலரோமீட்டர் (முடுக்கத்தை அளக்கும் கருவி) வண்டியின் சொந்தத் துள்ளலைக் கழிக்கிறது. அந்த உருவத்தின் மேல் ஒரு கணித மாதிரிச் சக்கரத்தை 80 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் கிடைப்பதே ஐஆர்ஐ (IRI) எனும் சர்வதேச மேடுபள்ளக் குறியீட்டெண். போக்குவரத்தோடு ஒட்டியே போகலாம். நெரிசலில் ஊர்ந்தாலும் நின்று கிளம்பினாலும் எண் கெடும். தண்ணீர் தேங்கிய சாலையிலும் வேண்டாம்.

இரண்டையும் இணைக்கும் சூத்திரம்: பிஐ = 630 × ஐஆர்ஐ^1.12. பிஐ என்பது பம்ப் இன்டக்ரேட்டர் காட்டும் எண். அதன்படி கிலோமீட்டருக்கு 2000 மி.மீ. என்பது ஐஆர்ஐ 2.8, 3000 என்றால் 4.0.

நீண்ட நெடுஞ்சாலைக்கு லேசர்தான் என் தேர்வு. சரிபார்த்த பம்ப் இன்டக்ரேட்டர், போக்குவரத்துக்கு இன்னும் திறக்காத குறுகிய துண்டுக்குப் போதும்.