தீவுப் பள்ளிக்குச் சேவைப் பயணம்: மூன்று நாள் பேக்கேஜ் எதற்கு உதவும், எதற்கு உதவாது

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்துக் கல்லூரிகளின் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) அணிகளுக்கு டிராவல்ஸ்காரர்கள் ஒரு பேக்கேஜ் தருகிறார்கள். ராமேஸ்வரம் தீவில் ஓர் அரசுப் பள்ளியில் சேவை, கூடவே கோயில், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம். பஸ், தங்குமிடம், சாப்பாடு, சுவருக்கு பெயின்ட், பிள்ளைகளுக்குப் பரிசுப் பை என எல்லாம் அதிலேயே அடக்கம். பஸ்ஸும் தங்குமிடமும் கொடுக்கிற காசுக்குச் சரியாகவே இருக்கின்றன. சேவை என்று அவர்கள் போட்டிருக்கும் பகுதியை மட்டும் நாமே திட்டமிட வேண்டும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் நிகழ்ச்சி நிரலில் வகுப்பறைக்குள் இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். முதல் நாள் காலை வந்து சேர்ந்து, குளித்து, கோயிலுக்குப் போய்வந்தால் மதியமும் போய்விடும். மூன்றாம் நாள் தனுஷ்கோடியும் ஊர் திரும்புவதும். மிச்சம் இரண்டாம் நாள் ஒன்றுதான், அதிலும் பாதி வரவேற்பு, மேடைப் பேச்சு, போட்டோ. பிள்ளைகளோடு உட்காரக் கிடைப்பது நாலைந்து மணி நேரம். கோயிலைக் கடைசி நாளுக்குத் தள்ளினாலே ஒரு மதியம் முழுதாகக் கிடைக்கும்.

கோவையிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 380 கி.மீ., எட்டு மணி நேரம். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி என்று போய் மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலம். 15 பேருக்குள் போகிற அணி என்றால் ரயில் மேல். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. கோவை-ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறைதான். செவ்வாய் இரவு கிளம்பிப் புதன் காலை போய்ச் சேரும், அன்று மாலையே திரும்பிவிடும். அதனால் போவதற்கு ஆகும், வருவதற்கு ஆகாது. திரும்பும்போது மதுரை வரை ரயிலில் வந்து, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நம்ம ஊர் பஸ் ஏறலாம். டிக்கெட் போடும் முன் அப்போதைய அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜில் பெருமையாகச் சொல்லப்படுவது சுவர் ஓவியம். இதில்தான் காசும் உழைப்பும் அதிகம் வீணாகிறது. தீவில் மண்ணிலும் காற்றிலும் உப்பு. தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு சுவருக்குள் வரும். ஈரம் காயும்போது உப்பு வெளிப்பூச்சுக்கு அடியில் பூத்துப் பெயின்டைத் தள்ளிவிடும். இனாமல், பிளாஸ்டிக் எமல்ஷன் போன்றவை ஈரத்தை வெளியே விடாததால் இன்னும் சீக்கிரம் உரியும். இடுப்பளவு உயரம் வரை சேதம் அதிகம். பிள்ளைகள் கண்ணுக்கு நேரே வருவதும் அந்த உயரம்தான்.

வேலையைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் முறை இது. உப்புப் பூத்த இடத்தைச் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளிவிட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். கீழ் நாலடிக்குச் சுண்ணாம்பு, அதற்கு மேல் பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். 20க்கு 20 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுண்ணாம்பு அடிக்கும் கீழ் நாலடியும் கதவு ஜன்னலும் போக எமல்ஷனுக்குச் சுமார் 420 சதுர அடி. பழைய சொரசொரப்பான சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60-70 சதுர அடிதான் வரும், ஆக 6 முதல் 7 லிட்டர். ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய வேண்டும். இதை ஒரே நாளில் முடிப்பதாகப் பேக்கேஜில் எழுதியிருந்தால் காயாத சுவரில்தான் அடிக்கப் போகிறார்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 8க்கு 4 அடி மரைன் பிளைவுட் வாங்கி இரண்டாக அறுத்து, தமிழ்நாடு வரைபடம், வாய்பாடு, உயிர்மெய் அட்டவணை எல்லாவற்றையும் கல்லூரியிலேயே வரைந்து காயவைத்து எடுத்துப் போங்கள். ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் மறக்காமல் பெயின்ட் அடியுங்கள், ஈரம் புகுவது அங்கேதான். நைலான் கயிற்றில் தொங்கவிடுங்கள். சாதா ஆணி துருப்பிடித்து இற்றுவிடும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி வாங்குங்கள். ஓவிய வேலை ஊரிலேயே முடிவதால் பள்ளியில் கிடைக்கும் நேரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு.

பரிசுப் பை வேண்டவே வேண்டாம். பாடப்புத்தகம், நோட்டு, புத்தகப் பை, வண்ண பென்சில், காலணி, சீருடை ஆகியவற்றை அரசே கொடுக்கிறது. தலைமை ஆசிரியரிடம் போனில் கேட்டால் பட்டியல் வேறு மாதிரி இருக்கும்: பிரிண்டர் மை, அகராதி, மின்விசிறி, தண்ணீர் டிரம். கொண்டுபோகும் பொருள் உப்புக் காற்றுக்குத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். இரும்பு பீரோ துருவேறும், பிளாஸ்டிக் ரேக் நிற்கும். கேரம் போர்டு ஈரத்தில் உப்பிவிடும். இறகுப்பந்து கடற்காற்றில் பறந்துவிடும், வளையப்பந்தும் கோகோவும் அங்கே நன்றாக எடுபடும். தரையில் உட்கார்ந்து படிக்கும் சிறு வகுப்புகளுக்குப் பவானி ஜமுக்காளம் நாலைந்து கொடுத்தால் அது உண்மையிலேயே உபயோகம். வாரம் ஒருமுறை வெயிலில் போடச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இனி வகுப்பு. 60 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 12 தன்னார்வலர்கள் போதும், ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள். 50 பேரைப் பஸ் நிறைய இறக்கினால் பள்ளியில் நடக்க இடமிருக்காது. அரசுப் பள்ளிகளில் சிறு வகுப்புகளுக்கு நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பிரித்திருப்பார்கள். யார் எந்த நிலை என்று வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு அதற்கேற்ற வாசிப்பு அட்டைகளைத் தயாரியுங்கள். எல்லாருக்கும் ஒரே பாட்டு, ஒரே மேஜிக் ஷோ என்றால் அன்றோடு சரி. அறிவியலுக்குத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். கடல் நீர், கிணற்று நீர், கேன் நீர் மூன்றையும் தட்டில் ஊற்றி வெயிலில் வற்ற வைத்து மிஞ்சும் உப்பை ஒப்பிடுங்கள். சோப்பு எதில் நுரைக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளையும் சொல்ல விடுங்கள். வாடை, கொண்டல், கச்சான் எந்தத் திசைக் காற்று என்பது நம் பசங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெற்றோர் கூட்டம் வைப்பதாக இருந்தால் நாளைத் தலைமை ஆசிரியர் குறிக்கட்டும். விசைப்படகுகள் வாரத்தில் சில நாட்கள்தான் கடலுக்குப் போகும். படகு போன நாளில் கூட்டம் போட்டால் அப்பாக்கள் கரையில் இருக்க மாட்டார்கள். காலையில் சிற்றுண்டி முடிந்த பிறகே நிகழ்ச்சியைத் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்த்து, ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் பார்ப்பது நல்லது.

முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் பள்ளி வாசலை மிதிக்காதீர்கள். "நாங்க பேசிட்டோம் சார்" என்று ஏற்பாட்டாளர் சொன்னால் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். வகுப்பில் எப்போதும் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரிகிற படம் இன்ஸ்டாகிராமில் வரக்கூடாது என்று பஸ் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடல் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்திப் பழகியவர்கள் "நீச்சல் தெரியுமுங்க" என்பார்கள். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் இரு கடல் சேருமிடத்து நீரோட்டம் வேறு, அங்கே யாரையும் இறங்க விடாதீர்கள். பக்கத்துக் குட்டித் தீவுக்குப் படகுச் சவாரி என்று பேக்கேஜில் இருந்தால் வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது. பவளத்தை எடுத்து வருவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சிறுவாணி குடித்து வளர்ந்தவர்களுக்கு அங்கத்துக் குழாய்த் தண்ணீர் ஒத்துவராது. ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர், 15 பேருக்கு 20 லிட்டர் கேன் மூன்று. பேக்கேஜ் சாப்பாட்டில் இது அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள், பெரும்பாலும் பாட்டிலுக்குத் தனிக் காசு.

ஏற்பாட்டாளரிடம் பஸ், அறை, சாப்பாடு மூன்றுக்கும் மட்டும் விலை கேளுங்கள். பெயின்ட், பரிசுப் பை, மேடை, பிளெக்ஸ் கழிந்த தொகையில் பிளைவுட்டும் ஜமுக்காளமும் வாங்கலாம். மீதியை ஜூன் மாதம் அதே பள்ளிக்கு நாலு பேர் மறுபடி போய்வர ஒதுக்கி வையுங்கள். வாசிப்பு அட்டையில் எது கிழிந்தது, எந்தப் பிள்ளை அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்தது என்று நேரில் போனால்தான் தெரியும்.